வயிறு சொல்வது உள்ளுணர்வா, பழைய காயமா?

மனம் நொந்து கிடப்பவரிடம் "உன் உள்ளுணர்வு சொல்வதைக் கேள், எல்லாம் சரியாகிவிடும்" என்று பலரும் சொல்வார்கள். நல்ல எண்ணத்தில்தான் சொல்கிறார்கள். ஆனால் அடிபட்ட மனசுக்குள் ஒரே நேரத்தில் நாலு குரல் பேசும். அதில் எது உள்ளுணர்வு, எது பயம், எது என்றோ பட்ட அவமானம் என்று பிரித்துப் பார்க்கப் பழகாதவர் இந்த அறிவுரையை எடுத்துக்கொண்டால், பெரும்பாலும் பயத்தின் பேச்சைத்தான் கேட்பார், அதற்கு உள்ளுணர்வு என்று பெயரும் வைத்துக்கொள்வார். நான் இங்கே சொல்ல வருவது ஒன்றுதான்: முதலில் தன்னை ஏற்றுக்கொள்வது, அப்புறம்தான் உள்ளுணர்வு. இந்த வரிசை மாறினால் இரண்டுமே கைகொடுக்காது.

ஓர் உதாரணம் வைத்துக்கொள்வோம். நெருங்கிய தோழிக்குக் காலையில் மெசேஜ் அனுப்புகிறீர்கள். அவள் பார்த்துவிட்டாள், பதில் இல்லை. மதியம் ஆகிறது, சாயங்காலம் ஆகிறது. வயிற்றில் ஒரு முடிச்சு விழுகிறது. "அவளுக்கு என்னைப் பிடிக்கவில்லை, எனக்கு அப்போதே தெரியும்" என்று உள்ளே ஒரு குரல் அடித்துச் சொல்கிறது. அந்தக் குரல் சொல்வது உண்மையாகவும் இருக்கலாம், பத்து வயதில் உங்களைத் தனியாக உட்கார வைத்த யாரோ சிலரின் நினைவு இப்போது இவள் முகத்தை மாட்டிக்கொண்டு வந்திருக்கலாம். வயிற்று முடிச்சு இரண்டுக்கும் ஒரே மாதிரிதான் இருக்கும். சிக்கலே அங்கேதான் இருக்கிறது.

காயம் என்று எதைச் சொல்கிறோம்

ஒரு விஷயம் எப்போதோ நடந்து முடிந்துவிட்டது, ஆனால் உடம்பும் மனசும் அது இன்னும் நடந்துகொண்டிருப்பது போலவே நடந்துகொள்கின்றன. இதைத்தான் மனக்காயம் என்கிறேன். பெரிய விபத்தோ வன்முறையோதான் காரணமாக இருக்க வேண்டும் என்றில்லை. சின்ன வயசில் ஓயாமல் இன்னொருவரோடு ஒப்பிட்டுப் பேசியது, அழுதபோது யாரும் எட்டிப் பார்க்காதது, நம்பிய ஒருவர் ஒரு வார்த்தை சொல்லாமல் விட்டுப் போனது, இவையெல்லாம்கூடப் போதும். "இதெல்லாம் ஒரு கஷ்டமா, எத்தனை பேர் இதைவிடப் பெரிசாகப் பட்டிருக்கிறார்கள்" என்று நாமே நம் வாயை அடைத்துவிடுவதால்தான் இந்த மாதிரிக் காயங்கள் ரொம்ப நாள் வெளியே தெரியாமல் கிடக்கின்றன.

ஒதுக்கப்படுவது வலிக்கிறது என்பது வெறும் பேச்சு வழக்கு இல்லை. நவோமி ஐசன்பெர்கரும் அவருடைய சகாக்களும் 2003-ல் வெளியிட்ட ஆய்வு ஒன்று இருக்கிறது. மூளையை ஸ்கேன் செய்யும் கருவிக்குள் ஒருவரைப் படுக்க வைத்து, வேறு இரண்டு பேரோடு கணினியில் பந்து எறிந்து விளையாடச் சொன்னார்கள். கொஞ்ச நேரத்தில் அந்த இரண்டு பேரும் இவருக்குப் பந்தைக் கொடுப்பதையே நிறுத்திவிட்டார்கள். உடல் வலியின் வேதனையோடு தொடர்புள்ள ஒரு மூளைப் பகுதி அப்போது இவரிடம் கூடுதலாக இயங்கியது. இதை வைத்து 'மன வலியும் உடல் வலியும் ஒன்றேதான்' என்று சிலர் எழுதினார்கள், அது அதிகப்படி. ஒரே பகுதிக்குள்ளும் இரண்டின் செயல்பாட்டு வடிவங்கள் வேறு வேறு என்று 2014-ல் வந்த இன்னோர் ஆய்வு காட்டியது. ஆனாலும் முன்பின் தெரியாத இரண்டு பேர், அதுவும் கணினித் திரையில், பந்து தராததற்கே மனிதனுக்கு இவ்வளவு நடக்கிறது என்றால், வருஷக்கணக்கில் சொந்த வீட்டுக்குள் ஒதுக்கப்பட்டவருக்கு உள்ளே என்னவெல்லாம் நடந்திருக்கும் என்று யோசித்துப் பாருங்கள். உங்கள் வலியைச் சின்னது என்று ஒதுக்கிவிடாதீர்கள்.

உள்ளுணர்வு எங்கிருந்து வருகிறது

இதில் மந்திரம் எதுவும் இல்லை. மூளை நமக்குத் தெரியாமலேயே ஆயிரம் சின்னச் சின்ன விஷயங்களைக் கவனித்து, பழைய அனுபவத்தோடு ஒப்பிட்டு, முடிவை மட்டும் உடம்பு வழியாகச் சொல்லி அனுப்புகிறது. நெஞ்சு லேசாகிறது, தொண்டை அடைக்கிறது, காரணம் சொல்லத் தெரியாமல் கால் தயங்குகிறது. 1997-ல் அயோவாவில் பெக்காரா, டமாசியோ குழுவினர் செய்த சீட்டு விளையாட்டுச் சோதனை இதற்குப் பேர்போனது. நான்கு சீட்டுக்கட்டுகள். இரண்டில் பெரிய லாபம் வரும், அவ்வப்போது அதையெல்லாம் விழுங்கிவிடும் நஷ்டமும் வரும். மற்ற இரண்டில் லாபமும் சின்னது, நஷ்டமும் சின்னது. நிதானமாக ஆடினால் இவைதான் காப்பாற்றும். ஆடுபவர்களின் தோலில் ஏற்படும் வியர்வை மாற்றத்தை அளந்தபடியே இருந்தார்கள். மோசமான கட்டு எது என்று வாயால் சொல்லத் தெரிவதற்கு முன்னாலேயே, அந்தக் கட்டை நோக்கிக் கை போகும்போது உடம்பு பதறத் தொடங்கிவிட்டது. ஆடியவர்களுக்கு உண்மையில் எவ்வளவு தெரிந்திருந்தது என்பதில் பின்னால் விவாதங்கள் வந்தன, ஆனால் அறிவோடு உடம்பும் சேர்ந்துதான் கணக்குப் போடுகிறது என்ற பார்வை நிலைத்துவிட்டது.

அப்படியானால் உள்ளுணர்வை எப்போது நம்பலாம்? இந்தக் கேள்விக்கு எனக்குத் தெரிந்து மிகத் தெளிவான பதில் டேனியல் கானெமனும் கேரி க்ளைனும் 2009-ல் சேர்ந்து எழுதியது. க்ளைன் தீயணைப்புத் தலைவர்கள் போன்ற அனுபவசாலிகளின் உள்ளுணர்வை மெச்சியவர், கானெமன் உள்ளுணர்வின் தவறுகளைத் தோண்டி எடுத்தவர். எதிரெதிர் முகாம்களைச் சேர்ந்த இருவரும் பல வருஷம் பேசி வந்து சேர்ந்த இடம் இது: ஒரு சூழலில் ஓர் ஒழுங்கு இருக்க வேண்டும், அதில் நம் கணிப்பு சரியா தவறா என்று திரும்பத் திரும்பத் தெரிந்துகொள்ளும் வாய்ப்பும் இருக்க வேண்டும். இரண்டும் இருந்தால் அந்த உள்ளுணர்வுக்கு மதிப்பு உண்டு. இல்லையென்றால் அது வெறும் உறுதியான எண்ணம்தான். ஓர் எண்ணம் எவ்வளவு உறுதியாக இருக்கிறது என்பது அது சரி என்பதற்குச் சாட்சி ஆகாது.

இதைக் காயத்தோடு பொருத்திப் பாருங்கள். எப்போது கோபம் வெடிக்கும் என்று தெரியாத ஒரு வீட்டில் வளர்ந்த குழந்தையின் உள்ளுணர்வு, கதவு சாத்தும் சத்தத்தை வைத்தே அன்றைய நிலவரத்தைக் கணிக்கக் கற்றுக்கொள்கிறது. அந்த வீட்டைப் பொறுத்தவரை அது அபாரமான, துல்லியமான அறிவு, அந்தக் குழந்தையைக் காப்பாற்றிய அறிவு. ஆனால் வளர்ந்து வேறு மனிதர்களோடு, வேறு வீட்டில் வாழும்போதும் அதே கணக்குதான் ஓடுகிறது. சூடு கண்ட பூனை அடுப்பங்கரை சேராது என்பார்கள். அடுப்பு அணைந்து எத்தனை நாள் ஆனாலும் சேராது. அணைந்துவிட்டதா என்று கிட்டே போய்ப் பார்த்தால்தானே தெரியும்? விலகியே இருப்பதால் அந்தக் கணிப்பு தவறு என்று தெரிந்துகொள்ளும் வாய்ப்பே அதற்கு வருவதில்லை. கானெமனும் க்ளைனும் சொன்ன இரண்டாவது நிபந்தனை அடிபடுவது இங்கேதான்.

அதனால் தோழியின் மௌனத்தைப் பார்த்து முடிச்சு விழுந்த வயிற்றைக் குறை சொல்லக் கூடாது. அது பொய் சொல்லவில்லை, பழைய இடத்தின் செய்தியைச் சொல்கிறது.

ஏன் ஏற்றுக்கொள்வது முதலில் வர வேண்டும்

இந்தச் செய்தியை அடக்கப் பார்த்தால் என்ன ஆகும்? டேனியல் வெக்னர் 1987-ல் வெளியிட்ட சோதனையில், ஐந்து நிமிஷத்துக்கு வெள்ளைக் கரடியைப் பற்றி நினைக்கவே கூடாது என்று சிலரிடம் சொல்லி வைத்தார்கள். அவர்களால் முடியவில்லை. பிறகு 'இப்போது நினைக்கலாம்' என்றதும், முதலிலிருந்தே நினைக்க அனுமதி பெற்றவர்களைவிட இவர்களுக்குத்தான் கரடி அதிகம் வந்தது. வெறும் கரடிக்கே இப்படி என்றால் "நான் வேண்டாதவள்" என்ற எண்ணத்தை அமுக்கி வைக்க எவ்வளவு தெம்பு செலவாகும்! அந்தச் சண்டையின் இரைச்சலில் உள்ளுணர்வின் குரல் எங்கே காதில் விழப் போகிறது? தன்னோடு சண்டை நடக்கும் வரை, உள்ளே எழும் எல்லாமே கத்தலாகத்தான் கேட்கும். சண்டை ஓய்ந்த பிறகுதான் குரல்களைத் தனித்தனியாகப் பிரிக்க முடிகிறது.

கார்ல் ரோஜர்ஸ் என்ற உளவியலாளர் தன் நீண்ட கால ஆலோசனை அனுபவத்தை வைத்து 1961-ல் எழுதியதன் சாரம் இது: நான் இப்போது எப்படி இருக்கிறேனோ அப்படியே என்னை ஏற்றுக்கொள்ளும்போதுதான் என்னால் மாற முடிகிறது. கேட்க முரணாக இருக்கும். ஏற்றுக்கொண்டால் அப்படியே நின்றுவிட மாட்டோமா என்ற பயம் எல்லோருக்கும் உண்டு. 2012-ல் ஜூலியானா ப்ரைன்ஸும் செரீனா சென்னும் இதைச் சோதித்துப் பார்த்தார்கள். கடினமான ஒரு தேர்வில் தோற்ற மாணவர்களில், தன் மீது கருணையோடு யோசிக்க வைக்கப்பட்டவர்கள்தான் அடுத்த முறைக்காக அதிக நேரம் படித்தார்கள். திட்டிக்கொண்டால்தான் திருந்துவோம் என்ற நம்பிக்கை நம்மிடம் ஆழமாக ஊறியிருக்கிறது. அதை விட்டுவிடலாம் என்பேன்.

ஏற்றுக்கொள்வது என்றதும் பலரும் வேறு எதையோ நினைத்துக்கொண்டு மிரள்கிறார்கள். நடந்தது சரி என்று ஒப்புக்கொள்ளத் தேவையில்லை. செய்தவரை மன்னிக்கத் தேவையில்லை. அவரோடு மறுபடி பேசவும் தேவையில்லை. 'இது நடந்தது, இது எனக்கு வலித்தது, இப்போதும் வலிக்கிறது' என்ற மூன்றையும் மறுக்காமல் இருப்பது, அவ்வளவுதான். மார்ஷா லினேஹன் என்ற அமெரிக்க உளவியலாளர் இதை முழுமையான ஏற்பு என்று தன் சிகிச்சை முறையின் மையத்தில் வைத்தார். தன்னையே காயப்படுத்திக்கொள்ளும் அளவுக்குத் துயரப்பட்டவர்களுக்காக அவர் உருவாக்கிய முறை அது. ஏற்பும் வேண்டும், மாற்றமும் வேண்டும், இரண்டையும் சேர்த்தே பிடிக்க வேண்டும் என்பது அதன் அடிப்படை. 2011-ல் அவர் ஒரு மருத்துவமனையில் நின்று, 17 வயதில் தானே அங்கே நோயாளியாக இருந்ததைப் பொதுவில் சொன்னார். எனக்கு இந்தச் செய்தி பெரிய ஆறுதல். ஏற்றுக்கொள்ளுங்கள் என்று சொன்னவர் கரையில் நின்றுகொண்டு சொல்லவில்லை.

தன் மீது கருணை என்பதற்குள் மூன்று விஷயங்கள் இருப்பதாக கிரிஸ்டின் நெஃப் 2003-ல் எழுதினார். தன்னிடம் கனிவாகப் பேசுவது. இந்தக் கஷ்டம் எனக்கு மட்டும் வந்த சாபம் இல்லை, மனிதராய்ப் பிறந்த எல்லோருக்கும் வருவது என்று பார்ப்பது. வலியை மறைக்காமலும் ஊதிப் பெரிதாக்காமலும் உள்ளபடி கவனிப்பது. மூன்றில் இரண்டாவதைத்தான் பலரும் கவனிக்காமல் கடந்துவிடுகிறார்கள், ஆனால் வெட்கம் கரைய ஆரம்பிப்பது அதில்தான். காயத்தைவிடக் காயத்தைப் பற்றிய வெட்கம்தான் நம்மைத் தனியாக்குகிறது.

ஒரு எச்சரிக்கையும் சொல்லிவிடுகிறேன். பழக்கமே இல்லாதவர் முதன்முதலாகத் தன்னிடம் கனிவாகப் பேசும்போது, நிம்மதிக்குப் பதிலாக அழுகையோ கோபமோ பொத்துக்கொண்டு வரலாம். சிலருக்குக் கருணையே பயமாக இருக்கும். அன்பு காட்டியவரே அடித்தவராகவும் இருந்திருந்தால் அப்படித்தானே இருக்கும்? இது தோல்வியோ, உங்களிடம் இருக்கும் கோளாறோ இல்லை. வேகத்தைக் குறையுங்கள், போதும்.

செய்து பார்க்க

யூஜின் ஜென்ட்லின் என்பவர் ரோஜர்ஸோடு சிகாகோவில் வேலை செய்தவர். சிலருக்கு ஆலோசனை நன்றாகப் பலிக்கிறது, சிலருக்கு ஏன் பலிப்பதில்லை என்று அவரும் சகாக்களும் ஒலிப்பதிவுகளைக் கேட்டு ஆராய்ந்தார்கள். குணமடைந்தவர்கள் பேசும் விதத்திலேயே ஒரு வித்தியாசம் இருந்தது. அவர்கள் சரளமாகப் பேசவில்லை. நடுவில் நின்றார்கள், தடுமாறினார்கள், "கோபம் என்று சொல்ல முடியாது... வேறு என்னமோ... ஆங், கைவிட்டுட்டாங்க என்கிற மாதிரி" என்று உள்ளே தேடித் தேடி வார்த்தை எடுத்தார்கள். இந்தத் தேடலை யாருக்கும் சொல்லித் தரலாம் என்று நம்பி அவர் ஒரு பயிற்சியாக வகுத்தார். அதற்கு ஃபோகஸிங் என்று பெயர்.

தோழியின் மெசேஜையே எடுத்துக்கொள்வோம். கைப்பேசியைத் தள்ளி வையுங்கள். மறுபடி மெசேஜ் அனுப்பவும் வேண்டாம், எண்ணை பிளாக் செய்யவும் வேண்டாம், இப்போதைக்கு எந்த முடிவும் வேண்டாம். உட்கார்ந்து, உடம்பில் அது எங்கே இருக்கிறது என்று மட்டும் பாருங்கள். வயிறா, நெஞ்சா, தொண்டையா? இறுக்கமா, பாரமா, வெறுமையா? "இது இங்கே இருக்கிறது, இருக்கட்டும்" என்று அதற்கு இடம் கொடுங்கள். விரட்டவும் வேண்டாம், சமாதானப்படுத்தவும் வேண்டாம். அப்புறம் அதற்கு ஒரு வார்த்தை தேடுங்கள். கோபம்? இல்லை. பயம்? கிட்டத்தட்ட. 'மறந்துட்டாங்க' என்ற உணர்வு? சரியான வார்த்தை கிடைக்கும்போது உடம்பு லேசாகத் தளரும், ஒரு பெருமூச்சு வரும், சிலருக்குக் கண் கலங்கும். அந்தத் தளர்வுதான் அடையாளம். உணர்வுக்குப் பெயர் வைப்பதைப் பற்றி மேத்யூ லீபர்மேன் குழு 2007-ல் செய்த மூளை ஆய்வும் இதற்குத் துணை நிற்கிறது: உணர்ச்சி தெரியும் முகங்களின் படங்களைப் பார்த்து அந்த உணர்ச்சிக்கு வார்த்தை சொன்னபோது, அச்சத்தோடு தொடர்புள்ள அமிக்டலா பகுதியின் வேகம் தணிந்தது.

பெயர் கிடைத்த பிறகு கேட்க வேண்டிய கேள்வி என்று நான் நினைப்பது: "இந்த உணர்வுக்கு என்ன வயசு?" பதில் பெரும்பாலும் உடனே வந்துவிடும். ஏழு. பதினான்கு. வந்ததும் அந்த வயசுப் பிள்ளைக்கு அன்று யாரும் சொல்லாத ஒன்றைச் சொல்லுங்கள். "நீ ஒண்ணும் தப்புப் பண்ணலை" என்பது போல ஒரு சாதாரண வாக்கியம் போதும்.

இதற்கெல்லாம் பிறகும் உள்ளே ஏதாவது மிச்சம் இருந்தால், அதைக் காது கொடுத்துக் கேளுங்கள். காயத்தின் பேச்சு அவசரப்படுத்தும், 'எப்போதும்', 'யாருமே', 'ஒருநாளும்' என்று மொத்தமாகப் பேசும், உங்களைப் பற்றித் தீர்ப்பு சொல்லும். உள்ளுணர்வு பெரும்பாலும் இந்த ஆளைப் பற்றி, இந்த விஷயத்தைப் பற்றி, சின்னதாக ஒன்று சொல்லும்: "போன மாசத்திலிருந்தே அவள் ஏதோ சோர்வாக இருக்கிறாள், கேட்டுப் பார்." அல்லது, "இந்த நட்பில் பெரும்பாலும் நான்தான் முதலில் பேசுகிறேன், அதை அவளிடம் சொல்ல வேண்டும்." கேள்வி கேட்டாலும் அது பதறாது, நாளைக்குக் கேட்டாலும் அங்கேயே இருக்கும். அப்புறம் அதைச் சோதித்தும் பாருங்கள். தோழியிடமே கேளுங்கள். என்ன நினைத்தீர்கள், என்ன நடந்தது என்று ஒரு நோட்டில் இரண்டு வரி எழுதி வைத்தால், எந்த விஷயத்தில் உங்கள் உள்ளுணர்வு சரியாக இருக்கிறது, எங்கே பழைய பயம் பேசுகிறது என்பது கொஞ்ச நாளில் எழுத்திலேயே தெரிந்துவிடும்.

இந்த அடையாளங்கள் தப்பாமல் பலிக்கும் என்று சொல்ல மாட்டேன். முக்கியமாக ஒரு விதிவிலக்கு: ஒருவர் அருகில் இருக்கும்போது உடல்ரீதியாக ஆபத்து என்று தோன்றினால், அது காயமா உள்ளுணர்வா என்று ஆராய உட்காராதீர்கள். முதலில் அந்த இடத்தை விட்டு விலகுங்கள். ஆராய்ச்சி பிறகு.

எழுதுவது பிடித்தவர்களுக்கு இன்னொரு வழியும் உண்டு. ஜேம்ஸ் பென்னிபேக்கர் 1986-ல் வெளியிட்ட ஆய்வில், மனதை உலுக்கிய சம்பவத்தைப் பற்றி நாளுக்கு 15 நிமிஷம் வீதம் நான்கு நாள் தொடர்ந்து எழுதிய மாணவர்கள், அந்த நேரத்தில் கூடுதலாக வருத்தப்பட்டார்கள், ஆனால் அடுத்த சில மாதங்களில் மருத்துவரிடம் போவது குறைந்தது. பின்னால் வந்த நிறைய ஆய்வுகளைச் சேர்த்துப் பார்த்தால் சராசரிப் பலன் சிறியதுதான். எழுதும்போது தாங்க முடியாமல் போனால் நிறுத்திவிட வேண்டும் என்று அவரே சொல்லியிருக்கிறார்.

தனியாகச் செய்யக் கூடாதது எப்போது

கண்ணை மூடி உடம்பைக் கவனிப்பது எல்லோருக்கும் நல்லது என்ற எண்ணம் தவறு. கடுமையான அதிர்ச்சியைக் கடந்து வந்தவர்களுக்கு அதுவே பழைய காட்சியின் கதவைத் திறந்துவிடக்கூடும். அப்படி ஆனால் கண்ணைத் திறங்கள், பாதத்தைத் தரையில் அழுத்துங்கள், சுற்றியுள்ள பொருள்களைப் பெயர் சொல்லிப் பாருங்கள், அன்றைக்கு அதோடு விடுங்கள். பழைய சம்பவம் இப்போதே நடப்பது போல மறுபடி மறுபடி வந்தாலோ, தூக்கம் கெட்டு அன்றாட வேலையே ஓடாமல் போனாலோ, ஒரு நல்ல மனநல நிபுணரின் துணையோடு போவதுதான் சரி. தன்னைக் காயப்படுத்திக்கொள்ளத் தோன்றினாலோ, வாழவே வேண்டாம் என்று தோன்றினாலோ, காத்திருக்க வேண்டாம். இன்றே ஒருவரிடம் சொல்லுங்கள், அவசர உதவி எண்ணை அழையுங்கள். அதிர்ச்சிக்குப் பின்னான மன பாதிப்புக்கு உலக சுகாதார நிறுவனம் 2013-ல் பரிந்துரைத்த சிகிச்சைகளில், அதிர்ச்சியை மையமாக வைத்த அறிவாற்றல் நடத்தை சிகிச்சையும், இஎம்டிஆர் என்ற கண் அசைவு முறையும் இருக்கின்றன. ஆலோசகரிடம் பேசும்போது இந்தப் பெயர்களைச் சொல்லியே கேட்கலாம்.

ஆலோசகரைத் தேர்ந்தெடுக்கும்போதும் உள்ளுணர்வுக்கு வேலை இருக்கிறது. சிகிச்சை எந்த முறையானாலும், ஆலோசகருக்கும் உங்களுக்கும் இடையில் உருவாகும் நம்பிக்கைக்குப் பலனில் நல்ல பங்கு இருக்கிறது. முதல் சந்திப்பில் பதற்றமாக இருப்பது சகஜம், அதை வைத்து யாரையும் ஒதுக்கிவிட வேண்டாம். ஆனால் மூன்று நான்கு சந்திப்புகளுக்குப் பிறகு, "போன தடவை நீங்கள் சொன்ன ஒரு விஷயம் என்னைப் புண்படுத்தியது" என்று அவரிடமே சொல்லிப் பாருங்கள். கேட்டுக்கொண்டு, அதைப் பற்றி உங்களோடு பேச அவர் தயாராக இருந்தால் அங்கேயே தொடருங்கள். தற்காத்துக்கொண்டோ, உங்களையே குற்றம் சொல்லியோ பேசினால், வேறு ஒருவரைத் தேடுவதற்கு நீங்கள் யாரிடமும் காரணம் சொல்ல வேண்டியதில்லை.